கோட்டைக்கு முன்னால் குளத்தைப் பாருங்கள்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் தார்ப் பாலைவனப் பயணம் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘பாலைவனத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பட்டியல்தான் வேண்டுமென்றால் எந்தப் பயண நிறுவனமும் ஒரு துண்டுத்தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடும். காலையில் ஜெய்சல்மேர் கோட்டை, மதியம் ஹவேலி மாளிகைகள், மாலையில் சம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி, இரவு கூடாரத்தில் ஆட்டம் பாட்டம், மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிப் போய்வந்த ஒருவரிடம், “அந்த ஊரில் எண்ணூறு வருஷமாக மக்கள் எதைக் குடித்தார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அந்தக் கேள்வியோடு ரயில் ஏறுகிறவருக்குப் பார்க்க வேண்டிய இடங்களின் வரிசையே மாறிப்போகும். அந்த வரிசையில்தான் இன்று உங்களை அழைத்துப் போகப் போகிறேன்.

தார்ப் பாலைவனம் சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல ஒன்றரை மடங்கு. பெரும்பகுதி ராஜஸ்தானில், மேற்கு ஓரம் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்குள் போகிறது. ஜெய்சல்மேரில் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவில்தான். சென்னையில் 1,400. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 490 மில்லிமீட்டர் பெய்ததே, அது ஜெய்சல்மேருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் காணும். அப்படியிருந்தும் உலகப் பாலைவனங்களில் மக்கள் மிக நெருக்கமாக வாழ்வது இங்கேதான். பேர்போன நகரங்கள், கோயில்கள், வணிகக் குடும்பங்கள் எல்லாம் இந்த 200 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு எழுந்தவை.

ஜோத்பூரிலிருந்து தொடங்குவோம். தெற்கேயிருந்து போகிறவர்களுக்கு அதுதான் வாசல். 1459இல் ராவ் ஜோதா நிறுவிய நகரம். மேலே மெஹ்ரான்கட் கோட்டை. ஊரைவிட்டு 120 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கோட்டைக்குள் போய்ப் பல்லக்கையும் வாளையும் பார்ப்பதற்கு முன், அது எதன்மேல் நிற்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிவப்பும் பழுப்புமான அந்தப் பாறை, ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கியது. சாம்பலும் குழம்பும் சூட்டிலேயே ஒட்டி இறுகிய பாறை. இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துப் பலகையும் வைத்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு வரிசையில் நிற்கிற கூட்டம் அந்தப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்தப் பாறை தண்ணீரை உறிஞ்சாது, வழியவிடும். ஜோத்பூர்க்காரர்கள் அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். பாறை மேட்டில் விழுகிற மழையைக் கால்வாய் வெட்டி இறக்கி, கோட்டையடியில் ராணிசர், பதம்சர் என்று இரண்டு ஏரிகளில் தேக்கினார்கள். ஊருக்குள் படிக்கிணறுகள் கட்டினார்கள். அவற்றில் தூர்ஜி கா ஜால்ரா என்ற செம்மணற்கல் கிணற்றை அவசியம் பாருங்கள். 1740களில் மகாராஜா அபய் சிங்கின் அரசி கட்டியது. பல காலம் குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்து, சில ஆண்டுகளுக்கு முன்புதான் மீட்கப்பட்டது. இப்போது அதன் படிகளைச் சுற்றி காபிக் கடைகள். காபி விலையைக் கேட்காமல் படியில் உட்கார்ந்துவிட்டு வருவது உத்தமம்.

இன்றைய ஜோத்பூரின் நிலைமை வேடிக்கையானது. இமயமலை நதிகளின் தண்ணீர் கால்வாய் வழியே 1990களில் ஊருக்கு வந்து சேர்ந்தது. குழாயில் தண்ணீர் வந்ததும் கிணறுகளில் இறைப்பது நின்றது. இறைக்காத நிலத்தடி நீர் மேலே ஏறத் தொடங்கியது. பழைய நகரத்தில் சில கட்டடங்களின் நிலவறைகளில் ஊற்று புகுந்து, பாலைவன ஊரில் மோட்டார் வைத்து இறைத்து வெளியேற்றினார்கள்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் அங்கே ஒரு அரை நாள் செலவிட வேண்டும் என்பேன். ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா, 72 ஹெக்டேர். அந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் நம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதே செடி, அதே முள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மரத்தின் விதைகளை 1930களில் அன்றைய மகாராஜா விமானத்திலிருந்து தூவச் செய்தார் என்று ஜோத்பூரில் சொல்வார்கள். 2006இல் மரங்களைப் பற்றி எழுதுகிற பிரதீப் கிருஷன் இந்த நிலத்தை மீட்கும் வேலையில் இறங்கினார். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கிறது. வேரின் கழுத்து பாறைப் பிளவுக்குள் ஓரடி ஒன்றரையடி ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. கடைசியில் கைகொடுத்தவர்கள் கண்ட்வாலியா என்கிற பரம்பரைக் கல்லுடைப்பவர்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையை வைத்து எங்கே உடைக்கலாம் என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுத்தார்கள். அந்தக் குழிகளில் தாரின் சொந்தச் செடிகளை வைத்தார்கள். மழைக்குப் பிறகு போனால் பச்சை. கோடையில் போனால் காய்ந்த குச்சிகள். பாலைவனத் தாவரம் அப்படித்தான் வாழும். அதைக் காய்ந்த நிலையிலும் அழகாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற பூங்கா இது. ராமநாதபுரத்தில் சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஒருமுறை போய்வரலாம்.

அந்நிய மரத்தைச் சொன்னேன், சொந்த மரத்தையும் சொல்ல வேண்டும். ஜோத்பூருக்குத் தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் கேஜட்லி என்ற கிராமம். பெயரே கேஜ்டி மரத்தால் வந்தது. நம் ஊரில் விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் வன்னிதான் கேஜ்டி. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், காய் கறிக்கு, அடியில் கம்பு விளையும். 1730இல் புதிய அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டு, ஜோத்பூர் அரசின் ஆட்கள் இந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். மரத்தைக் கட்டிக்கொண்டு முதலில் உயிர் கொடுத்தவர் அம்ருதா தேவி. அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் சமூகத்தினர் மொத்தம் 363 பேர். ஆட்களை அனுப்பிய அரசர் சற்று முன் சொன்ன அதே அபய் சிங். அரசி கட்டிய கிணற்றையும் அரசரின் ஆட்களால் உயிரிழந்தவர்களுக்கான நினைவிடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். செப்டம்பர் 11ஐ வனத் தியாகிகள் தினமாக இந்தியாவில் அனுசரிப்பது இந்த ஊரை வைத்துத்தான்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் ரயில் பாதையில் ஓசியான் வரும். எட்டாம் நூற்றாண்டு முதல் எழுந்த இந்து, சமணக் கோயில்கள். சிற்பத்தில் ஆர்வமுள்ளவர்கள் இறங்குங்கள். மற்றவர்கள் பலோதிவரை தூங்கலாம். பலோதிக்குப் பக்கத்தில் கீச்சன் கிராமம். செப்டம்பரிலிருந்து மார்ச்வரை மத்திய ஆசியா, மங்கோலியப் பக்கத்திலிருந்து குர்ஜா கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. கிராமத்துச் சமணக் குடும்பங்கள் அவற்றுக்குத் தானியம் போடத் தொடங்கி, இப்போது அதற்கென்றே வேலியிட்ட திடல் வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் போக வேண்டும். தானியம் தின்றுவிட்டுப் பறவைகள் நேரே ஊர்க் குளங்களுக்குத்தான் போகும். 2025இல் கீச்சன் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இனி ஜெய்சல்மேர். ஊருக்குள் நுழைவதற்கு முன்பு, பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர் போனால் ஆகல் மரப் படிமப் பூங்கா. 18 கோடி ஆண்டு பழைய அடிமரங்கள் கல்லாகி, வெட்டவெளியில் கம்பிக் கூண்டுக்குள் கிடக்கின்றன. சொன்னால்தான் மரம் என்று தெரியும். தெரிந்த பிறகு கண்ணை எடுக்க முடியாது. ஈரமும் வெப்பமுமான காடு இருந்த இடம் இது. காட்டுக்குப் பிறகு கடல் வந்தது. அந்தக் கடலோரம் திரிந்த ஒரு நீள்கழுத்து டைனோசரின் எலும்புகள் ஜெய்சல்மேர்ப் பக்கம் கிடைத்து, தாரோசாரஸ் என்று 2023இல் பெயர் பெற்றது, வயது 16.7 கோடி ஆண்டு. ஊர் முழுக்கப் பொன்னாக மின்னுகிறது என்று எல்லோரும் படம் எடுக்கிற மஞ்சள் கல், அந்தக் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும்தான். சத்யஜித் ராய் ‘சோனார் கெல்லா’ என்று நாவல் எழுதி 1974இல் படமும் எடுத்தாரே, அந்தத் தங்கக் கோட்டையின் தங்கம் அதுதான்.

ஊரில் இறங்கியதும் நேரே கடீசர் குளத்துக்குப் போங்கள். பதினான்காம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி என்ற அரசர் வெட்டியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஊர் குடித்தது பெரும்பாலும் இந்தத் தண்ணீரைத்தான். படகு விடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், எல்லாம் சரி. நீங்கள் குளத்துக்கு முதுகைக் காட்டி, சுற்றிலும் உள்ள வெற்று நிலத்தைப் பாருங்கள். லேசாகக் குளத்தை நோக்கிச் சரிகிற அந்த நிலம்தான் நீர்வரத்து. அங்கே செருப்புக் காலோடு நடக்கக் கூடாது, மலஜலம் கழிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. குளம் வெட்டுவது ஒரு அரசன் வேலை. வரத்தைக் காப்பது ஊர் வேலை. இரண்டாவதுதான் கஷ்டம் என்று சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று கடீசரில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது என்றால் காரணம் மழையல்ல, இந்திரா காந்தி கால்வாய்.

குளத்து வாசலில் தீலோன் வளைவு இருக்கிறது. தீலோன் என்ற கணிகை கட்டிக்கொடுத்தது என்பார்கள். தாசி கட்டிய வாசல் வழியே ராஜகுடும்பம் தண்ணீர்த் துறைக்குப் போவதா என்று இடிக்கச் சொன்னார்களாம். அவள் ராவோடு ராவாக மேலே கண்ணன் கோயிலை வைத்துவிட்டாளாம். கதை உண்மையோ பொய்யோ, வளைவு இடியாமல் நிற்கிறது.

குளம் இல்லாத ஊர்கள் என்ன செய்தன? இந்தக் கேள்விக்குத் தாரில் இரண்டு விடைகள் உண்டு. நான் பார்த்தவற்றில் என்னை அதிகம் அசத்தியவை இவைதான். பயணத் துண்டுத்தாளில் இரண்டுமே கிடையாது.

முதலாவது பேரி, பிகானேர்ப் பக்கம் குயி என்பார்கள். பாலைவனத்தில் ஆழத்தில் இருக்கிற நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. மேலே பெய்கிற மழை நல்ல தண்ணீர். சில வட்டாரங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே ஜிப்சம் அல்லது களிமண் அடுக்கு ஒன்று படுக்கையாக ஓடுகிறது. மழைநீர் மணலில் இறங்கி, அந்த அடுக்கோடு நின்றுவிடும், உப்போடு கலக்காது. தண்ணீராகவும் நிற்காது, மணலில் ஈரமாகப் பரவியிருக்கும். அந்த ஈரத்தை எப்படிக் குடிப்பது? ஓர் ஆள் உட்கார்ந்து தோண்டுகிற அகலத்துக்கு மட்டும் குழி எடுத்து அடுக்குவரை இறங்குகிறார்கள். மணல் சரியாமல் இருக்கக் கல்லோ, புல் திரித்த வடமோ சுற்றிக்கொண்டே போக வேண்டும். முடிந்ததும், மண்பானைக்கு வெளியே வியர்ப்பதுபோல, சுற்றியுள்ள மணலிலிருந்து நீர் கசிந்து அடியில் சேர்கிறது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடம். அகலமாகத் தோண்டினால் கசிவு பரந்து ஆவியாகிப் போகும், அதனால்தான் அந்தக் குறுகல். வாயில் மரமூடி, பல இடங்களில் பூட்டும் உண்டு.

இதன் சட்டம் இன்னும் நுட்பமானது. குழி ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அது இருக்கும் நிலம் ஊருக்குப் பொது. புதிதாக ஒருவர் தோண்டினால் ஏற்கெனவே இருக்கிற ஈரத்தில் பங்கு கேட்கிறார் என்று பொருள். ஆகவே ஊர் சம்மதிக்காமல் தோண்ட முடியாது. இவற்றையெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிவைத்தவர் அனுபம் மிஸ்ரா. குளங்களைப் பற்றிய அவருடைய இந்தி நூல் 1993இல் வந்தது. யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று காப்புரிமை இல்லாமலேயே விட்டார். தாருக்குப் போகிறவர்கள் வழிகாட்டி நூலுக்குப் பதிலாக அவரைப் படித்துவிட்டுப் போகலாம்.

அந்த ஜிப்சம் அடுக்குக்கு மறுமுகமும் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் சில நாட்களுக்குள் பேய்மழை கொட்டியது. கவாஸ் கிராமமும் சுற்றுப்புறமும் மூழ்கின; நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மணலில் தண்ணீர் உடனே இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அடியிலிருந்த அடுக்கு விடவில்லை; மாதக்கணக்கில் வெள்ளம் நின்றது.

இரண்டாவது விடை கடீன். ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் குல்தரா என்ற பாழூர் இருக்கிறது. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த 84 கிராமங்களில் ஒன்று. திவான் சாலிம் சிங்கின் கொடுமை பொறுக்காமல் ஒரே இரவில் எல்லோரும் ஊரைக் காலி செய்தார்கள், சாபம் போட்டார்கள், இப்போது பேய் நடமாடுகிறது என்று வாசலிலேயே கதை விற்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் காலியானது உண்மை. ஒரே இரவில் போனார்களா, கிணறு வற்றி வரி கூடிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்களா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டாவது பக்கம்தான் அதிகம் சாய்கிறார்கள். நிலநடுக்கம் என்ற கருத்தும் உண்டு. எனக்குப் பேயில் ஆர்வமில்லை. இவ்வளவு நேர்கோடாகத் தெரு போட்டு, கல்லால் வீடு கட்டிச் செழித்தவர்கள் இந்த மழையில் என்ன பயிர் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. கோதுமையும் கடலையும் பயிர் செய்தார்கள். கல்மேட்டிலிருந்து வழிகிற மழைநீர் வந்து சேரும் பள்ளத்தின் கடைசியில் ஒரு மண்கரை போடுவார்கள். தண்ணீர் தேங்கி, மண்ணில் ஊறி, குளிர்காலத் தொடக்கத்தில் வற்றும். எஞ்சிய ஈரத்தில் விதைப்பார்கள். தண்ணீரோடு வந்த வண்டலே எரு. இதுதான் கடீன். உருவாக்கியவர்கள் போய்விட்டாலும் பல கடீன்களில் இன்றும் உழவு நடக்கிறது. குளிர்காலத்தில் போனால், பேயூருக்கு அருகிலேயே பச்சைக் கோதுமை வயலைக் காணலாம். வண்டி ஓட்டுநரிடம் கேளுங்கள், காட்டுவார்.

மணல்மேடுகளைப் பற்றிச் சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். சம் ஜெய்சல்மேரிலிருந்து 40 கிலோமீட்டர். ஜீப் சத்தமும் ஒலிபெருக்கியும் பிடிக்கும் என்றால் போகலாம். தெற்கே குரி கிராமம் கொஞ்சம் அமைதி. இந்தப் பகுதியை ஒட்டித்தான் 3,162 சதுர கிலோமீட்டர் பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. அதில் பெரும்பகுதி மணல்மேடல்ல, புல்வெளியும் கல்தரையும். கானமயிலின் கடைசிப் புகலிடம் அந்தப் புல்வெளி. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை, இன்று இந்தியா முழுவதிலும் 150க்கும் குறைவு. கனத்த உடம்பு, முன்னால் நேரே பார்க்கும் பார்வை குறைவு. காற்றாலை, சூரியமின் நிலையங்களிலிருந்து வரும் மின்கம்பிகளில் மோதிச் சாகிறது. கம்பிகளை நிலத்தடியில் புதைக்க 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024இல் அதை மாற்றி வல்லுநர் குழு அமைத்தது. பறவையைப் பார்ப்பது அதிர்ஷ்டம். கம்பிகளைப் பார்க்க அதிர்ஷ்டம் தேவையில்லை.

பிகானேருக்கு நேரமிருந்தால் போங்கள். 1488இல் பிறந்த ஊர். ஜூனாகட் கோட்டை குன்றின்மேல் இல்லாமல் சமதரையில் நிற்பது விசேஷம். மதுரையிலிருந்தே அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் அங்கே போகிறது. எலிகளுக்குப் பால் வைக்கிற தேஷ்னோக் கோயிலைத் தைரியசாலிகளுக்கு விட்டுவிடுகிறேன்.

பஞ்சாபின் ஹரிகே அணைக்கட்டிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாயைப் பாலத்தில் நிறுத்தியாவது ஒருமுறை பாருங்கள். 1958இல் வேலை தொடங்கி, 1987இல் ஜெய்சல்மேர் எல்லைக்குத் தண்ணீர் வந்தது. பெண்கள் தலையில் சுமந்த தூரம் குறைந்தது. சில இடங்களில், பேரிகளுக்கு உதவிய அதே கடின அடுக்கின்மேல் பாசன நீர் தேங்கி நிலம் உவராகவும் போனது. இரண்டும் சேர்ந்ததுதான் கால்வாய்.

இப்போது கோட்டைக்கு வரலாம். 1156இல் ராவல் ஜெய்சல் திரிகூடக் குன்றின்மேல் எழுப்பியது, 99 கொத்தளங்கள். 2013இல் ராஜஸ்தானின் வேறு ஐந்து கோட்டைகளோடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். சமணக் கோயில்களின் அடியிலுள்ள நூலறையில் பனையோலைச் சுவடிகள் இருக்கின்றன. சில பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நம் ஊரின் ஈரக்காற்றிலும் பூச்சியிலும் ஓலைகள் சில நூற்றாண்டுகூடத் தாங்காமல் மறுபடி மறுபடி படியெடுக்க வேண்டியிருந்தது. பனையே இல்லாத பாலைவனம் ஓலையைக் காப்பாற்றியிருக்கிறது. வறட்சிக்கு இப்படியும் ஒரு நன்மை.

ஆனால் அந்தக் கோட்டையின் வறட்சியை நாம்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஜோத்பூர்க் கோட்டை எரிமலைப் பாறைமேல் நிற்கிறது. ஜெய்சல்மேர்க் குன்று அப்படியல்ல. மணற்கல்லும் களியும் மாறி மாறி அடுக்கிய, தண்ணீர் பட்டால் இளகுகிற குன்று. குடத்தில் சுமந்து ஏற்றிய காலத்தில் ஒரு வீட்டுக்குச் செலவான தண்ணீர் கொஞ்சம். அது குன்றுக்குள் இறங்கவில்லை. குழாய் வந்தது, கழிப்பறைகள் வந்தன, பிறகு ஹோட்டல்கள் வந்தன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஷவர். கழிவுநீர் கசிந்து அடித்தளம் இளகி, 1990களிலிருந்து மதில்களும் கொத்தளங்களும் ஆங்காங்கே சரியத் தொடங்கின. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இலேயே இதை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது, கழிவுநீர்க் குழாய்களும் மாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் மேலே ஊற்றுகிற தண்ணீர் குறையாமல் வேலை முடியாது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கோட்டைக்குள் போங்கள், கோயில்களைப் பாருங்கள், அங்கே குடியிருப்பவர்களின் கடைகளில் நாலு பொருள் வாங்குங்கள். இரவு தங்குவதற்கு மட்டும் கீழே, ஊருக்குள், கோட்டை வாசலுக்கு வெளியே அறை எடுங்கள். முன்பதிவு செய்யும்போதே விலாசத்தைப் பார்த்துவிடுங்கள்.